டொராண்டோ கொல்லைப்புறப் பழங்கள்: மூணு பங்கு கணக்கு எப்படி வேலை செய்யுது

ஆகஸ்ட் கடைசி வாரம். டொராண்டோ மேற்குப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில எண்பது வயசு தாண்டின ஒரு இத்தாலியப் பாட்டி பேரிக்காயை மண்வெட்டியால அள்ளி மக்குற குப்பைக்கான பச்சைத் தொட்டியில கொட்டிட்டு இருந்தாங்க. நான் அந்தப் பக்கத்துச் சந்துல நடந்து போயிட்டு இருந்தேன், புளிச்ச வாடை தூக்கலா அடிச்சதால திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தரை முழுக்க பழம், குளவி மொய்க்குது, மேல அண்ணாந்து பார்த்தா இன்னும் நூறு கிலோவாவது தொங்கும். தெருமுனை சூப்பர் மார்க்கெட்ல அதே வாரம் அதே பேரிக்காயை வேற ஏதோ நாட்டுல இருந்து வந்ததுன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்துட்டு இருந்தாங்க. பாட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்து, வேணும்னா எடுத்துக்கோன்னு கையைக் காட்டினாங்க. ரெண்டு பை நிறைய எடுத்துட்டு வந்தேன், மனசு கேக்கல. அங்கிருந்துதான் இந்த விஷயத்தைப் பத்தி தேடவும் விசாரிக்கவும் ஆரம்பிச்சது, அப்புறம் நானே இறங்கினது. நாலஞ்சு வருஷ அனுபவத்தையும், இந்த ஊர்ல இதை முதல்ல பெருசா செஞ்சு காட்டினவங்க கதையையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

டொராண்டோல இவ்ளோ பழமரம் எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லணும், அது தெரியாம மிச்சம் புரியாது. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இத்தாலிக்காரங்களும் அதைத் தொடர்ந்து போர்ச்சுகல்காரங்களும் ஆயிரக்கணக்குல இங்க வந்து இறங்கினாங்க. பாதிப் பேரு கிராமத்து விவசாயக் குடும்பம். வீடு வாங்கினதும் முதல் வேலையா கொல்லையில ஒரு பேரி, ஒரு செர்ரி, பந்தல்ல திராட்சை. இந்தக் குளிர்ல அத்திமரம் நிக்காதுன்னு தெரிஞ்சும் நட்டு, ஒவ்வொரு வருஷமும் பனிக்கு முன்னாடி மரத்தை வளைச்சு மண்ணுக்குள்ள புதைச்சு, வசந்தத்துல தோண்டி எடுத்து நிமிர்த்துவாங்க, இன்னைக்கும் அப்படிச் செய்யுற தாத்தாக்கள் இருக்காங்க. இப்போ அந்தத் தலைமுறைக்கு ஏணி ஏற உடம்பு ஒத்துழைக்கல, பசங்க புறநகர்ல. இல்லேன்னா வீடு கைமாறி, வாங்கின இளம் தம்பதிக்கு கொல்லையில நிக்கிறது என்ன மரம்னே தெரியாது. பழம் கீழ விழுந்து அணிலும் ரக்கூனும் வந்தப்புறம்தான் 'இந்தத் தொல்லையை வெட்டிடலாமா'ன்னு பேச்சு வரும். கவனிப்பாரில்லாத மரம்னு நம்ம சொல்றதுல பெரும்பாலானது ஒரு காலத்துல பிள்ளை மாதிரி வளர்த்த மரம். நட்டவங்க கை ஓய்ஞ்சு போச்சு, அவ்ளோதான்.

இதை ஒரு அமைப்பா ஆக்கினது 'நாட் ஃபார் ஃப்ரம் தி ட்ரீ'. 2008ல லாரா ரைன்ஸ்பரோன்னு ஒரு பொண்ணு ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஸ்படைனா மியூசியம்னு நகரத்துக்கு நடுவுல இருக்குற பழைய மாளிகையோட ஆப்பிள் தோட்டத்துல பழம் பறிக்க உதவி பண்ணப் போயிருக்காங்க, அதுல இருந்து பேச்சு பரவி, 'எங்க வீட்டுலயும் ஒரு மரம் இருக்கு, பறிச்சுக்கிறீங்களா'ன்னு ஜனங்க தேடி வர ஆரம்பிச்சாங்க. ஆப்பிள் மரத்தை விட்டுத் தூரமா விழாதுன்னு அங்க ஒரு பழமொழி, பிள்ளை பெத்தவங்க மாதிரியே இருக்கும்னு சொல்றதுக்கு. அதைத்தான் பேரா வெச்சுக்கிட்டாங்க, பழம் தூர தேசத்துல இருந்து வரல, இங்கேயே இருக்குன்னு அர்த்தம் தொனிக்கிற மாதிரி. முதல் சீசன்லயே 3,000 பவுண்டுக்கு மேல, அதாவது 1,300 கிலோவுக்கும் கூட. நகரம் மொத்தமும் வருஷத்துக்கு ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு பழம் காய்க்கும்ங்கிறது அவங்க சொல்ற மதிப்பீடு. கிலோவுல போட்டா 680 டன் பக்கம் வருது.

நடைமுறை இதுதான். மரம் வெச்சிருக்கறவங்க பதிவு பண்ணணும். பழுக்குற நேரம் வந்ததும் தன்னார்வலர்களுக்குத் தகவல் போகும், முந்திக்கிறவங்களுக்கு இடம். ஒவ்வொரு பறிப்புக்கும் பொறுப்பா ஒரு ஆள், அவங்க கருவியோட வருவாங்க. பறிச்சு முடிச்சதும் அங்கேயே எடை போட்டு மூணாப் பிரிப்பாங்க. வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு, பறிச்சவங்களுக்கு ஒண்ணு, பக்கத்துல இருக்குற உணவு வங்கிக்கோ சமூக சமையலறைக்கோ ஒண்ணு. மூணாவது பங்கு முடிஞ்ச வரைக்கும் சைக்கிள் பின்னாடி டிரெய்லர் மாட்டித்தான் போகும்.

இந்த மூணு பங்குதான் விஷயத்தோட உயிர்னு நான் நினைக்கிறேன். முழுக்கத் தானமா கொடுத்துடலாமேன்னு முதல்ல எனக்கும் தோணுச்சு. ஆனா யோசிச்சா இது நமக்குப் பழகின கணக்குதான். தேங்காய் பறிக்க ஏறுறவருக்கு மரத்துக்கு இத்தனை காய்னு கொடுக்குறது, களத்துமேட்டுல அறுத்தவங்களுக்கு நெல்லாவே கூலி அளந்தது, நிலத்தை வாரத்துக்கு விட்டு விளைச்சலைப் பங்கு பிரிக்கிறது, எல்லாத்துலயும் இதே நியாயம் இருக்கு. பறிச்சவன் வெறுங்கையோட போனா அடுத்த வருஷம் வரமாட்டான். வீட்டுக்காரருக்கு ஒண்ணும் வைக்காம அள்ளிட்டுப் போனா, அது தானமா இருந்தாலும் அவங்களுக்குப் பறிகொடுத்த மாதிரி இருக்கும். பங்குன்னு வந்துட்டா யாரும் யாருக்கும் கடன்பட்டவங்க இல்ல. நடைமுறையில பல வீட்டுக்காரங்க ஒரு சின்னக் கூடை போதும், மிச்சத்தை எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்வாங்க, ஆனா அது அவங்க வாயால வரணும்.

ஏன் தெருமரமும் பூங்கா மரமும் பறிக்காம வீட்டு மரமா தேடுறாங்கன்னு கேட்கலாம். டொராண்டோ நகரப் பூங்கா விதிப்படி பூங்காவுல இருந்து செடியோ காயோ பறிச்சு எடுத்துட்டுப் போக அனுமதி கிடையாது. அதனால மரத்தோட சொந்தக்காரர் சம்மதம்ங்கிறது வெறும் மரியாதை இல்ல, அதுதான் சட்டப்பூர்வமான வழி. இன்னொரு பக்கம் டொராண்டோ இருக்குற ஒன்டாரியோ மாகாணத்துல 1994ல வந்த உணவு தானச் சட்டம் இருக்கு. நல்ல எண்ணத்தோட, தின்னக்கூடிய நிலையில இருக்குற உணவைக் கொடுத்தவங்க மேல பின்னாடி வழக்குப் போட முடியாத மாதிரி பாதுகாப்பு கொடுக்குது. இது இல்லேன்னா எந்தச் சமையலறையும் முன்பின் தெரியாத கொல்லைப் பழத்தை வாங்கத் தயங்கும், கொடுக்கறவங்களும் பயப்படுவாங்க. விழுந்து அடிபட்டா என்ன பண்றதுங்கிறதுதான் மிச்சம் இருக்குற பெரிய கவலை, அதுக்குத்தான் கையெழுத்துப் படிவம், இன்ஷூரன்ஸ் எல்லாம்.

நான் வேலை செஞ்சது அந்த அமைப்போட இல்ல. அவங்க முறையைப் பார்த்து எங்க தெருப்பக்கம் அஞ்சாறு பேர் சேர்ந்து சின்ன அளவுல ஆரம்பிச்சோம். முதல் மரம் அந்தப் பாட்டியோட பேரிதான்.

பேரிக்காய் பறிக்கிறதுல ஒரு விஷயம் இருக்கு, அது தெரியாததாலதான் நகரத்துல நிறையப் பேரி வீணாப் போகுது. ஆப்பிள் மாதிரி மரத்துலயே பழுக்க விடக்கூடாது. விட்டா உள்ள நடுவுல இருந்து பழுக்க ஆரம்பிக்கும், வெளிய தொட்டா கல்லு மாதிரி இருக்கும், அறுத்தா நடு முழுக்க பழுப்பாக் கொழகொழன்னு. ஜனங்க 'இன்னும் பழுக்கல'ன்னு காத்திருப்பாங்க, ஒரு நாள் எல்லாம் மொத்தமா விழும், அதுக்குள்ள உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருக்கும். சரியான நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பாட்டிதான் காட்டிக் கொடுத்தாங்க. தொங்குற பழத்தை உள்ளங்கையில ஏந்தி மெதுவா மேல தூக்கி, படுக்கை வாட்டத்துக்குக் கொண்டு வரணும். காம்பு கிளையோட சேர்ற மூட்டுல டக்குன்னு விட்டு வந்துச்சுன்னா பறிக்கலாம், முறுக்கி இழுத்தாத்தான் வருதுன்னா இன்னும் ஒரு வாரம். பச்சையாப் பறிச்சு உள்ள வெச்சா தானா மஞ்சளாகி, கழுத்துக்கிட்ட கட்டைவிரலால அமுக்கினா லேசாக் குழியும், அப்போ சாப்பிட்டா சாறு முழங்கை வரைக்கும் ஓடும்.

கருவி பெருசா ஒண்ணும் இல்ல. நுனியில கம்பிக்கூடை மாட்டின நீளத் துரட்டி ரெண்டு, தரையில விரிக்க தார்ப்பாய், மூணு கால் ஏணி ஒண்ணு, மீன் எடை போடுற தொங்கு தராசு. யாரும் மரத்து மேல ஏறக்கூடாதுங்கிறது முதல் நாளே போட்ட விதி, இன்னைக்கு வரைக்கும் மாத்தல. அன்னைக்கு மொத்தம் 87 கிலோ, ரெண்டரை மணி நேரத்துல ஆறு பேர். வராந்தாவுல மூணு குவியலாப் போட்டுப் பிரிச்சப்போ பாட்டி தன்னோட பங்குல இருந்து பத்துப் பழம் மட்டும் முந்தானை மாதிரி ஏப்ரனை மடிச்சு அதுல எடுத்துக்கிட்டு மிச்சத்தை சமையலறைக்கான கூடையில தானே கொட்டினாங்க.

எல்லாம் இப்படியே போகல. ரெண்டாவது வருஷம் ஜூலை கடைசியில ஒரு வீட்டுல ஏப்ரிகாட், 22 கிலோ, மரத்துலயே நல்லாப் பழுத்தது, கை பட்டாலே நசுங்குற பதம். சனிக்கிழமை பறிச்சோம், நீண்ட வார இறுதி, திங்கள் லீவு. ஒரு சமையலறைக்கு முன்னாடியே போன் பண்ணி, கொண்டு வாங்கன்னு சொன்னதை நம்பிப் போனா கதவு பூட்டியிருக்கு, போனை எடுக்க ஆள் இல்ல. வேற ரெண்டு இடத்துலயும் அதே கதை. 30 டிகிரி வெயில், வீட்டு ஃபிரிட்ஜுல எவ்ளோதான் அடங்கும். செவ்வாய்க்கிழமை காலையில பாதிப் பழத்துல பூஞ்சை, மிச்சத்தை நானும் என் மனைவியும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து கொட்டை எடுத்து ஜாம் ஆக்கினோம். வீட்டுல காய்ச்சின ஜாமை அந்தச் சமையலறைகள் வாங்க மாட்டாங்க, விதி அப்படி. அன்னைக்கு எனக்கு இருந்த வருத்தம் கொஞ்சநஞ்சம் இல்ல, ஏன்னா அந்த மூணாவது பங்கு இல்லேன்னா நம்ம பண்றது வெறும் ஓசிப்பழம் தின்னுற வேலை ஆயிடும். அப்புறம் வரிசையைத் தலைகீழா மாத்தினோம். முதல்ல வாங்கிக்கிற இடம், நாள், நேரம், வாங்கப்போற ஆளோட பேரு, அதுக்கப்புறம்தான் மரத்துக்குத் தேதி. அந்த உறுதி கிடைக்கலேன்னா பழம் எவ்ளோ அழகா தொங்கினாலும் துரட்டியை வெளிய எடுக்குறது இல்ல.

இந்த மாதிரி முயற்சிகள்ல பழம் கிடைக்கிறது கஷ்டமே இல்ல, மரம் எங்கன்னு தேடுறதும் கஷ்டம் இல்ல, 2013ல இருந்து ஃபாலிங் ஃப்ரூட்னு உலகம் முழுக்க உள்ள பழமரங்களை வரைபடத்துல போட்டு வெச்ச தளமே இருக்கு. கஷ்டம் எல்லாம் அந்தப் பத்து நாள்தான். ஒவ்வொரு மரத்துக்கும் வருஷத்துல பத்து நாள், சிலதுக்கு நாலே நாள், அதுக்குள்ள வீட்டுக்காரர், பறிக்கிறவங்க, வாங்குறவங்க மூணு பேரையும் ஒரே நேரத்துல கோர்க்கணும். ஜூன்ல சர்வீஸ்பெரி, புளிப்புச் செர்ரி, மல்பெரின்னு தொடங்கி, ஏப்ரிகாட், பிளம்ஸ், பேரி, ஆப்பிள், திராட்சைன்னு போய் இலையுதிர் காலத்துல ஜிங்கோ கொட்டையில முடியும். அஞ்சு மாசம் யாராவது ஒருத்தர் விடாம போன்ல இருக்கணும். லாஸ் ஏஞ்சலஸ்ல 2009ல தொடங்கின ஃபுட் ஃபார்வேர்டு, சியாட்டில்ல சிட்டி ஃப்ரூட், இங்கிலாந்து ஷெஃபீல்டுல 2007ல வந்த அபண்டன்ஸ்னு இதே மாதிரி பழம் பறிக்கிற அமைப்புகளை எங்க பார்த்தாலும் தொடர்ந்து நடத்தணும்னா இந்த வேலையை யாராவது தலையில தூக்கிச் சுமந்தாகணும். ஆர்வத்துல வர்றவங்க முதல் வருஷம் மரத்தடியில நிப்பாங்க, போன்கிட்ட நிக்கிறவங்க ரொம்பக் குறைவு, அந்த ஆள்தான் உண்மையில பழத்தைக் காப்பாத்துறவங்க.

எந்தப் பழத்தை யார் வாங்குவாங்கன்னும் தெரிஞ்சிருக்கணும். பேரி, பிளம்ஸ், ஆப்பிள் எல்லாம் கழுவி அப்படியே தட்டுல வைக்கலாம். மல்பெரி அன்னைக்கே தீரணும், தொட்டதெல்லாம் ஊதாக் கறை. ஜிங்கோ கொட்டையோட மேல் சதை நாத்தம் தாங்காது, கையுறை இல்லாமத் தொட்டா சிலருக்குத் தோல் புண்ணாயிடும், ஆனா அதோட அருமை தெரிஞ்ச சீனக் குடும்பங்க ஆசையா வாங்கிப்பாங்க. கிராப் ஆப்பிள்னு கோலிக்குண்டு அளவுக்கு ஒண்ணு காய்க்கும், யாரும் சீண்ட மாட்டாங்க. ஒரு வருஷம் 15 கிலோ அது மிஞ்சி நான் குப்பையில போடலாமான்னு நின்னப்போ எங்க கூட வர்ற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க கூடையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க.

"தம்பி, இதை எறியாதேங்கோ. உப்பும் தூளும் போட்டு ஊறுகாய் போட்டா நெல்லிக்காய் மாதிரித்தான் இருக்கும்."

"இவ்ளோ புளிப்பா இருக்கேக்கா?"

"புளிப்பு இருந்தாத்தானே தம்பி ஊறுகாய்."

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பாட்டில் வந்துச்சு. கடிச்சா அந்தத் துவர்ப்போட தோல் நறுக்குன்னு உடையும், தயிர் சாதத்துக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். அப்போ இருந்து கிராப் ஆப்பிள் பங்குல சண்டையே வருது.

நகரத்துப் பழம் சாப்பிடலாமா, கார் புகை, மண்ணுல ஈயம்னு எப்பவும் ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான், பழைய பெயின்ட் ஈயம் கலந்த மண்ணு நிறைய இடத்துல இருக்கு. பாஸ்டன் பக்கம் இதே மாதிரி பழம் பறிச்சுப் பதப்படுத்துற ஒரு குழு கொடுத்த பழங்களை வெல்லஸ்லி கல்லூரிக்காரங்க சோதிச்சு 2015ல முடிவு வெளியிட்டாங்க. பழத்துல ஈயம் கவலைப்படுற அளவுக்கு இல்ல, கால்சியம் மாதிரி சில சத்து கடைப் பழத்தை விடக் கூடவே இருந்துச்சுன்னு வந்துச்சு. மண்ணுல இருந்து வேர் வழியா ஏறி பழம் வரைக்கும் போற ஈயம் ரொம்பக் கொஞ்சம்தான், கீரை கிழங்கு கதை வேற. கூடவே ஒன்டாரியோவுல 2009ல இருந்து புல்தரைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் அழகுக்காக ரசாயன மருந்து அடிக்கிறதுக்குத் தடை, அதனால பெரும்பாலான கொல்லை மரத்துல மருந்தே பட்டிருக்காது. அதுக்கு விலை புழு. ஆப்பிள்ல நாலுல ஒண்ணுல இருக்கும், வெட்டிப் பார்த்துப் போடணும், சமையலறைக்குக் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிடணும்.

இதுல எனக்கு ஒரு குறையும் இருக்கு. பழம் பறிச்சா மரம் கவனிக்கப்பட்டதா ஆகாது. வருஷா வருஷம் போய் அள்ளிட்டு வந்துட்டு, கிளை காய்ஞ்சு கிடக்குறதையும் பிளம்ஸ் மரத்துல கருமுடிச்சு நோய் பரவுறதையும் பார்த்துட்டு வந்தா அது அறுவடை மட்டும்தான். டொராண்டோல பென் நோபிள்மேன் பூங்காவுல 2009ல ஒரு சமூகப் பழத்தோட்டம் வெச்சாங்க, சூசன் பாய்ஸ்னர்னு ஒருத்தங்க முன்னெடுத்தது. அங்க ஜனங்க கூடுறது பழத்துக்கு மட்டும் இல்ல, கவாத்து பண்ணவும், அதாவது வேண்டாத கிளையை வெட்டி விடவும், மரத்தடி மண்ணுக்குத் தழை மூடாக்குப் போடவும் பிஞ்சைக் குறைச்சு விடவும்தான் வருஷம் பூரா வேலை. கவாத்து பண்ணாத மரம் ஒரு வருஷம் தாங்க முடியாத அளவுக்குக் காய்ச்சு கிளை ஒடியும், அடுத்த வருஷம் மொட்டையா நிக்கும். 2012ல மார்ச்ல கோடை மாதிரி சூடு அடிச்சு பூ சீக்கிரமே பூத்து, ஏப்ரல் பனியில கருகி ஒன்டாரியோ ஆப்பிள் விளைச்சல்ல 80 சதவீதம் போச்சு. அந்த மாதிரி வருஷத்துல யார் என்ன பண்ணாலும் கூடை காலிதான். அதனால எத்தனை கிலோன்னு மட்டும் பார்த்து இந்த முயற்சிகளை எடை போடக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

நம்ம ஊரை நினைக்காம இருக்க முடியல. நெடுஞ்சாலைப் புளியமரத்துக்கு வருஷா வருஷம் ஏலம் விடுறாங்க, அதுக்கு ஒரு முறை இருக்கு. நான் வளர்ந்த திருச்சித் தெருவுல ஒரு நாவல் மரம், ஜூன் ஜூலையில ரோடே ஊதாவாயிடும், ஸ்கூட்டர் வழுக்கும், திட்டிக்கிட்டே தாண்டிப் போவாங்க. அதே பழம் பஸ் ஸ்டாண்டுல கூறு கட்டி வித்துட்டு இருக்கும். ஒரு தார்ப்பாயும் நாலு பேரும் இருந்தா போதும், அதுல ஒரு பங்கு பக்கத்து அங்கன்வாடிக்குப் போயிருக்கும்.

பாட்டி மரத்துக்கு மூணாவது வருஷம் மார்ச்ல, மொட்டு விடுறதுக்கு முன்னாடி, கவாத்து பண்ணப் போனோம். உள்ள காத்து வெளிச்சம் போகிற மாதிரி நடுவைத் திறந்து விட்டு, தெற்குப் பக்கம் ஒரு வளைஞ்ச கிளை மத்ததுல இருந்து தனியா, பட்டை வேற நிறமா சொரசொரன்னு இருந்துச்சு, ரெண்டு வருஷமா அதுல காய் பார்த்ததே இல்ல, அதை எடுத்துடலாம்னு ரம்பத்தை வெச்சேன். சமையலறை ஜன்னல் கண்ணாடியில பட் பட்னு தட்டுற சத்தம். பாட்டி பனியில செருப்பு கூட மாட்டாம வெறும் சாக்ஸோட வெளிய வந்துட்டாங்க. அது அவங்க கணவர் ஊர்ல இருந்து கொண்டு வந்த குச்சியை ஒட்டுக் கட்டின கிளையாம், வேற ஜாதி, ஆகஸ்ட் ஆரம்பத்துலயே பழுத்துடும், நாங்க வர்றதுக்குள்ள அணில் தின்னு முடிச்சிருக்கும். அதனாலதான் நாங்க பார்த்ததே இல்ல.

ரம்பத்தை எடுத்துட்டு அந்தக் கிளைக்கு வெளிச்சத்தை மறைச்ச மேல் கிளையை வெட்டினேன். இப்போ எங்க நோட்டுல அந்த ஒரு மரத்துக்கு ரெண்டு தேதி இருக்கு, ஆகஸ்ட் 8, ஆகஸ்ட் 28. முதல் தேதியில கிடைக்கிறது நாலு கிலோ கூட வராது, சின்னச் சின்னதா, ஒரு கன்னம் மட்டும் சிவந்த பேரி. அதையும் எடை போட்டு மூணாத்தான் பிரிக்கிறோம்.